ஏற்றி இறக்கும் வீடு – 11. வேறொரு வீட்டில் வாலுவின் அறை

"அண்ணி, வண்டி எங்க?"

வாலு வாசலிலிருந்து கத்தியபோது நான் ஈரத் தலையோடு குளியலறையை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தேன். துண்டைத் தலையில் சுற்றியபடியே ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்தது.



போன வாரம் என் வீட்டுக்காரர் தங்கையிடம் சத்தியம் செய்தாரே, நினைவிருக்கிறதா? "நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன், நானே உன் ரூமை அடுக்கி வச்சுட்டு வரேன்" என்று? உங்களில் எத்தனை பேர் அதை நம்பினீர்கள் என்று எனக்குத் தெரியாது. வாலு நம்பினாள். நான் நம்பவில்லை. நம்பாததால் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்து வைத்திருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. எங்கள் தொழில் வீடு மாற்றிக் கொடுப்பது. ஒரு வீட்டுக் கட்டிலையும் பீரோவையும் வண்டியில் ஏற்றி, இன்னொரு வீட்டில் இறக்குவோம். மற்றவர்கள் பெட்டிகளை நடுக்கூடத்தில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நாங்கள் பெட்டியைப் பிரித்து, தலையணைக்கு உறை மாட்டி, திரையைத் தொங்கவிட்டு, மனிதர்கள் படுத்துத் தூங்கலாம் என்கிற நிலையில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவோம். மாமா, அதாவது என் மாமனார், ஆரம்பித்தது. அவருக்கு முழங்கால் மக்கர் செய்ததும் அது என் வீட்டுக்காரர் கைக்கு வந்தது.

எந்தப் பெட்டி எந்த அறைக்கு, எந்த மூலைக்கு என்று அட்டைப்பெட்டி மேல் எழுதுவது என் வேலை. கொட்டைக் கொட்டையான என் கையெழுத்து கப்பலேறிக் கடல் கடந்தெல்லாம் போயிருக்கிறது. நான் இந்த ஊர் எல்லையைத் தாண்டியதில்லை.

வாலு என் நாத்தனார். சின்ன வயதில் செய்த சேட்டைக்கு வைத்த பெயர், வளர்ந்தும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கண் பரிசோதனைப் படிப்பு படித்தவள். அவள் பட்டம் வாங்கிய நாளில் அண்ணன் யாரோ ஒரு டாக்டர் வீட்டுப் பியானோவை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். முதல் சம்பளத்தில் எங்களை ஓட்டலுக்குக் கூட்டிப்போனாள். அன்றைக்கும் ஒரு நாற்காலி காலி. இப்போது தூரத்து ஊரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. நாளைக் காலை சேர வேண்டும். அண்ணனிடம் அவள் கேட்டது நகையா, பணமா? ஒரே ஒரு நாள்.

கூடத்தில் மாமா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"மாமா, வண்டி எங்க போச்சு?"

"ஒரு பார்ட்டி போன் பண்ணிச்சும்மா. பாவம், பேசி வச்சிருந்த வண்டிக்காரன் கழுத்தறுத்துட்டானாம். மத்தியானத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும். புதுசா வர்றவங்க சாமானோட தெருவுல நிக்கிறாங்க. ஒண்டிக்கட்டை, சாமானும் கொஞ்சம்தான். இதோ போயிட்டு வந்துடுவான்."

"இன்னிக்கா மாமா? எல்லா நாளும் போயி இன்னிக்கா?"

"வீடு மாறுறவங்க தெருவுல நிக்கக் கூடாதும்மா."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் மாமா இந்தத் தொழிலையே நடத்தினார். இதைச் சொன்னால் இந்த வீட்டில் யாரும் மறுபேச்சுப் பேச முடியாது. நான் மட்டும் பேசுவேன். இன்றைக்குப் பேச வாய் வரவில்லை, ஏனென்றால் அதைவிடப் பெரிய இடி ஒன்று அப்போதுதான் என் தலையில் இறங்கியது.

"மாமா! வாலுவோட பெட்டியெல்லாம் வண்டிக்குள்ள இருக்கு!"

"என்னது? எப்ப ஏத்துனீங்க?"

நேற்று சாயங்காலம்தான். இவர் வேலை முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு சோபாவில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். எழுப்ப மனசு வரவில்லை. நாங்கள் இரண்டு பேருமே சத்தம் போடாமல் எல்லாவற்றையும் வண்டிக்குள் கொண்டுபோய் முன்பக்கத்தை ஒட்டி அடுக்கிவிட்டோம். காலையில் அவர் எழுந்ததும் "ஏறுங்க, போகலாம்" என்று சொல்லி அசத்த வேண்டும் என்று வாலுவுக்கு ஆசை. நல்லா அசத்தினோம் போங்கள்.

போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாமான் கையில் இருக்கும்போது போன் கையில் இருக்கக் கூடாது என்பது மாமா போட்ட சட்டம். போன் வண்டியின் முன்சீட்டில் கிடந்து கத்தும், இவர் காதில் விழாது.

வாலு அலட்டிக்கொள்ளவே இல்லை. "விடுங்க அண்ணி. கதவைத் திறந்தா தெரிஞ்சிடப் போகுது. என் சாமானை அண்ணனுக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

செருப்பை மாட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியுமா என்னால்? போகிற ஊரைப் பற்றித் துளைத்து எடுத்தேன். ரூம் எப்படி, ஜன்னல் எந்தப் பக்கம், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், ராத்திரியில் என்ன சத்தம் கேட்கும்? அவளுக்கே பாதி தெரியவில்லை. தெரியாத ஒரு இடத்துக்குப் போவதைப் போல சுவாரசியம் வேறு எதில் இருக்கிறது? நான் கேட்கக் கேட்க அவளுக்கு உற்சாகம் ஏறியது. எனக்கு அவளைவிட அதிகமாக ஏறியது.

வெயில் உச்சிக்கு வந்த பிறகு வண்டி வந்தது.

இவர் சட்டையெல்லாம் தூசியாக, முகமெல்லாம் சிரிப்பாக இறங்கினார். "பாத்தியா, சொன்ன மாதிரி வந்துட்டேன்! எங்க உன் பெட்டியெல்லாம்? கொண்டா, ஏத்திடலாம்."

வாலு அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வண்டியின் பின்பக்கம் போய்க் கதவைத் திறந்தாள்.

உள்ளே இரண்டு கயிறும் ஒரு பழைய போர்வையும் கிடந்தன.

"என்னங்க, உள்ள இருந்த பெட்டிகள் எங்க?" என்றேன்.

"எந்தப் பெட்டி?"

"அட கடவுளே! வாலுவோட பெட்டிங்க! முன்பக்கம் அடுக்கி வச்சிருந்தோமே!"

அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிய விதத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. பேயறைந்தவர் மாதிரி நின்றார். "அது... நான் மேல கட்டில் கழட்டிட்டு இருந்தேன். கையாளுங்கதான் வண்டியில ஏத்தினாங்க. அந்தப் பக்கம் போயி இறக்கும்போது பெட்டி மேல உன் கையெழுத்து இருந்துச்சு. 'படுக்கை அறை, ஜன்னல் பக்கம்'னு. பார்ட்டி உன்கிட்ட சொல்லி எழுதி வாங்கியிருக்காங்கன்னு நெனச்சேன்."

"பார்ட்டி போன் பண்ணதே காலையிலதானே! நான் எப்ப எழுதுவேன்?"

"உன் கையெழுத்தைப் பார்த்தா நான் என்னிக்கு யோசிச்சிருக்கேன்? எழுதின இடத்துல வைப்பேன்."

அது என்னவோ உண்மை. என் கையெழுத்து சொன்னால் இவர் அடுப்பைக் கொண்டுபோய்க் குளியலறையில் வைப்பார். நானும் வாலுவின் பெட்டிகளில் பெயர் எழுதவில்லை. நம்ம சாமான்தானே, நம்ம வண்டிதானே என்று விட்டுவிட்டேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. ஊரார் வீட்டில் ஒரு கரண்டி மாறாமல் கொண்டு சேர்க்கிற குடும்பம், சொந்த வீட்டுப் பெண்ணின் சாமானை முழுசாகக் கொண்டுபோய் முன்பின் தெரியாத வீட்டில் இறக்கிவிட்டு வந்திருக்கிறது!

"பிரிச்சுட்டியா அண்ணா?" வாலுவின் குரல் மெதுவாக வந்தது.

அவர் வண்டிக்குள் கிடந்த கயிற்றை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார்.

"எல்லாத்தையும் நீயே பிரிச்சு அடுக்கிட்டியா?"

"ம்."

அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நானும் ஏறினேன். வழி நெடுக எனக்கு நாக்கு அரித்தது, கடித்துக்கொண்டேன்.

அந்த வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்தது நரை ஓடிய கிராப்புத் தலையோடு ஒரு அம்மா. சுற்றுலாக் கூட்டங்களை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போகிற வழிகாட்டி. இடுப்பில் சின்னப் பை, கழுத்தில் விசில், வீட்டுக்குள்ளேயும் நடைச் செருப்பு. இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"தம்பி! நானே போன் பண்ணணும்னு இருந்தேன். பழைய வீட்டுச் சாவியைக் குடுத்துட்டு நான் வர்றதுக்குள்ள நீங்க கிளம்புற அவசரத்துல இருந்தீங்க, சரியா ஒரு தேங்க்ஸ்கூட சொல்லல. உள்ள வாங்க. இது யாரு, வீட்டுக்காரம்மாவா? நீங்களும் வந்து பாருங்க, உங்க ஆளு எனக்கு எப்படி ஒரு ரூம் பண்ணிக் குடுத்திருக்காருன்னு!"

எங்கள் தொழிலில் நன்றி என்ற சொல் அபூர்வம். வீடு மாறுகிறவர்கள் எரிச்சலில் இருப்பார்கள். கண்ணாடியில் கீறல் விழுந்ததா என்று பார்ப்பார்களே தவிர, நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். இந்த அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நன்றி கிடைக்கிற நாளைப் பார்த்தீர்களா!

அறை வாசலில் வாலு அப்படியே நின்றுவிட்டாள்.

கட்டில் அந்த அம்மாவுடையது. அதன் மேல் வாலுவின் மஞ்சள் பூப்போட்ட விரிப்பு, நாலு மூலையும் சுருக்கமில்லாமல் மடித்துச் செருகியிருந்தது. ஜன்னலில் வாலுவின் பச்சைத் திரை. மேசை மேல் அவளுடைய வளைந்த கழுத்து விளக்கு, படுத்துக்கொண்டு படித்தாலும் கண்ணில் அடிக்காத கோணத்தில். புத்தகங்கள் உயரவாரியாக நின்றன. பீங்கான் கோப்பையில் பேனாக்கள். கட்டிலுக்கு நேர் எதிர்ச் சுவரில், வாலு தொழிலுக்காக வாங்கிய கண் பரிசோதனை அட்டை. மேலே பெரிய எழுத்து, கீழே வர வரச் சின்ன எழுத்து. அளவெடுத்து, கோணாமல், நாலு ஆணியில் மாட்டியிருந்தது.

"இது மட்டும்தான் எனக்குக் கொஞ்சம் புரியல" என்றார் வழிகாட்டி அம்மா. "இந்தக் காலத்துல இப்படித்தான் அலங்காரம் பண்றாங்க போலன்னு விட்டுட்டேன்."

"சுவத்துல மாட்டணும்னு எழுதியிருந்துச்சு" என்று இவர் முணுமுணுத்தார்.

சிரிப்பு வந்தது எனக்கு. வாலு முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது.

விஷயத்தைச் சொன்னோம். வழிகாட்டி அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயையோ! என்னுது இல்லையா? வருஷத்துல பாதி நாள் ஓட்டல் ரூம்தாம்மா எனக்கு. பிரிக்காத பெட்டி ஏகப்பட்டது. என்கிட்ட என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. என்னிக்கோ வாங்கி மறந்துட்டேன் போலன்னு நெனச்சேன். கூட்டம் கூட்டமா எல்லாருக்கும் ரூம் பார்த்துக் குடுத்தவ நான். எனக்குன்னு ஒருத்தர் படுக்கை விரிச்சு வச்சது இதுதான் முதல் தடவை. ஒரு மணி நேரமா இந்த ரூம்லயே உட்கார்ந்திருக்கேன்."

வாலு கட்டிலடியில் குனிந்து ஒரு சின்ன மர ஸ்டூலை எடுத்தாள். பழசு. ஒரு கால் மட்டும் வேறு மரம்.

"ஆங், அது!" என்றார் வழிகாட்டி அம்மா, நிலைமை புரியாமல். "நான் உள்ள வரும்போது தம்பி அதைத் தட்டிப் பார்த்துட்டு, 'யாரோ விஷயம் தெரிஞ்சவன் ஆணி அடிச்சிருக்கான்'னு பாராட்டினாரு."

வாலு அண்ணனிடம் ஸ்டூலை நீட்டினாள். "யாரு அடிச்ச ஆணி அண்ணா?"

அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருதிருவென்று விழித்தார்.

"எனக்கு வாஷ்பேசின் எட்டலன்னு நீதான் சாமான் வந்த மரப்பெட்டியை உடைச்சு இதைச் செஞ்சு குடுத்த. கால் உடைஞ்சப்ப நீதான் ஆணி அடிச்ச. கையில சுத்தியல் பட்டு நகம் கறுத்துப் போச்சே, மறந்துட்டியா? ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போனேன். இப்பவும் எடுத்துட்டுப் போறேன். உனக்கு ஒரு நாளும் தேங்க்ஸ் சொன்னதில்ல. ஆனா எங்க போனாலும் இதைத் தூக்கிட்டுப் போறேன்." "என் விரிப்பு, என் திரை, என் கோப்பை. காலையிலேர்ந்து எல்லாம் உன் கையிலதான் இருந்துச்சு. ஒண்ணுகூட உனக்குத் தெரியலையே அண்ணா! ஊர்ல இருக்கிற எல்லார் ரூமுக்குள்ளயும் போற. என் ரூமுக்குள்ள நீ கடைசியா எப்ப வந்த?"

 

சும்மா நிற்க முடியாமல் வழிகாட்டி அம்மா, "இருங்க, எல்லாருக்கும் டீ போடறேன். கெட்டில் எங்க இருக்குன்னுதான்..." என்று திரும்பினார்.

"சமையல்கட்டுல இடது பக்கம், மேல்தட்டு" என்றார் இவர், பழக்க தோஷத்தில்.

"பாத்தீங்களா அண்ணி!" வாலு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் பஸ்ஸுல போயிக்கிறேன். பெட்டி அப்புறம் வரட்டும்."

இத்தனை நேரம் கடித்து வைத்திருந்த நாக்கை நான் அவிழ்த்துவிடப் போனேன். திட்டுவதற்கு வரிசையாகச் சொற்கள் தயார். ஆனால் இவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துவிட்டார். ஸ்டூல் ஒரு கையில் இருந்தது. மாமாவின் சட்டத்தை மீறி, சாமானைக் கையில் வைத்துக்கொண்டே இவர் போன் பேசி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"அப்பா, நாளைக்கு இருக்கிற பார்ட்டியை வேற ஆளுக்கு விட்டுடுங்க. நாளன்னிக்கு இருக்கிறதையும்."

மாமா குரல் போனைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது. "என்னடா விளையாடறியா? வீடு மாறுறவங்க தெருவுல நிக்கக் கூடாதுடா!"

"அதான்ப்பா சொல்றேன். இவளும் வீடு மாறுறவதான்."

  மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "டயர்ல காத்துப் பார்த்தியா? பின்னால இடது பக்கம் கொஞ்சம் குறையும். பார்த்துட்டுக் கிளம்பு."

எங்கள் மாமாவிடமிருந்து அதற்கு மேல் யாரும் ஆசீர்வாதம் வாங்கியதில்லை.

வாலு அவ்வளவு சுலபத்தில் இறங்கி வருகிற ஆளா? "நீ ஏத்திக் குடு, அது போதும்" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இவர் விரிப்பை உருவினார். வழக்கமாக ஒரு உதறு, இரண்டு மடிப்பு, பெட்டிக்குள். இன்றைக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"இது எப்ப வாங்கின?"

"எதுக்கு?"

"சும்மா கேக்கறேன்."

"ஹாஸ்டல்ல. கூட இருந்தவ ஊருக்குப் போகும்போது குடுத்தா."

"எந்த ஊருக்கு?"

"உனக்கெதுக்கு அதெல்லாம்?" என்றவள், கொஞ்சம் கழித்துத் தானாகவே சொன்னாள், அந்தத் தோழி யார், ஏன் படிப்பைப் பாதியில் விட்டாள் என்று. அவர் மடித்து வைத்துவிட்டுக் கோப்பையை எடுத்தார். அது வினாடி வினாவில் ஜெயித்ததாம். எங்களுக்குத் தெரியவே தெரியாது. "எங்கிட்ட சொல்லவே இல்லையே?" "சொல்ல வந்தேன், நீ போன்ல பீரோ சைஸ் கேட்டுட்டு இருந்த." புத்தகம் ஒவ்வொன்றாக உள்ளே போனது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. ஒரு பெட்டி நிரம்ப அவ்வளவு நேரம் ஆகி நான் பார்த்ததில்லை. மாமா பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நான் கதவோரம் டீயோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்பது தப்புதான். ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கும் பாதி தெரியாதே!

சுவர் அட்டையைக் கழற்றும் முறை வந்தது. "நில்லு" என்றாள் வாலு. அவரை எதிர்ச் சுவரோரமாகத் தள்ளி நிறுத்தி, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி வாசிக்க வைத்தாள். மனிதர் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்துவிட்டார். அப்புறம் அவள் ஒரு சின்ன அட்டையை எடுத்து அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். அவர் தலையைப் பின்னால் இழுத்தார். கையை நீட்டிப் பிடித்தார். இன்னும் நீட்டினார்.

"தெரியல."

வாலு பொங்கிச் சிரித்துவிட்டாள். கண்ணில் ஈரத்தோடு வந்த சிரிப்பு. "தூரத்துல இருக்கிறதெல்லாம் நல்லாத் தெரியுது. பக்கத்துல இருக்கிறதுதான் தெரியல. கண்ணாடி போடணும் அண்ணா உனக்கு. என் ஆஸ்பத்திரியில முதல் ஆளு நீதான், வா."

"வரேன்" என்றார் அவர். "தப்புதான் வாலு. பெரிய தப்பு. வரேன்."

அவள் அவர் தோளில் ஒரு குத்து விட்டாள். பஸ் பேச்சு அத்தோடு போயிற்று.

திரையைக் கழற்றப் போனவரை வாலுவே தடுத்தாள். "அது இருக்கட்டும் அண்ணா. இந்த அம்மாவுக்கு இருக்கட்டும்." வழிகாட்டி அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன வாயோடு திரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். பதிலுக்கு, போகிற பாதையில் எந்த மேட்டில் வண்டியை நிறுத்தினால் கீழே ஆறு வளைவது முழுசாகத் தெரியும் என்று சொல்லிக் கொடுத்தார். "நிறுத்திப் பாருங்க. எல்லாரும் தாண்டிப் போயிடுவாங்க."

எல்லாம் ஏறிவிட்டது என்று நினைத்தபோது, இவர் நடையோரத்திலிருந்து கடைசியாக ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். டேப் பிரியாமல் இருந்தது. மேலே என் கையெழுத்தில் 'பிரிக்க வேண்டாம்' என்று இருந்தது. எழுதினபடி இவர் பிரிக்கவில்லை.

"வாலு, இதுல என்ன?"

"என்னுது இல்லையே அண்ணா."

"என்னுதும் இல்ல" என்றார் வழிகாட்டி அம்மா.

"விடுங்க, ஏத்துங்க, நேரமாச்சு" என்றேன் நான், கொஞ்சம் வேகமாக.

நேற்று வரைக்கும் என்றால் ஏற்றியிருப்பார். ஆனால் அந்த மனிதருக்கு இன்றைக்குக் கேட்கிற பழக்கம் வந்துவிட்டதே! டேப்பைக் கிழித்தார். மேலாக இருந்த சீப்பை எடுத்தார். ஒரு பல் உடைந்த சீப்பு. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இது உன்னுதாச்சே."

எனக்கு ஒரு பக்கம் பகீரென்றது. இன்னொரு பக்கம், சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, சந்தோஷமாகவும் இருந்தது.

"நீங்க எப்படியும் வர மாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றேன். "அவ தனியா போகக் கூடாது. அதான் உங்களுக்குப் பதிலா நான் போகலாம்னு என் துணியை எடுத்து வச்சேன்."

அவர் தலை குனிந்தார். வாலு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனால் அது முழுசும் இல்லை.

சீப்பைத் திரும்ப வைக்கப் போனவர் கை நின்றது. துணிகளுக்கு அடியிலிருந்து கனமாக ஒன்றை இழுத்தார். முழங்கால் வரைக்கும் வருகிற கம்பளிக் கோட்டு. புத்தம் புதுசு, விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வாலு போற ஊர்ல வெயில் மண்டையைப் பொளக்கும். பனி கொட்டுற ஊருக்குப் போற கோட்டு இது. நீ எங்க கிளம்பின?"

இந்த மனிதர் என்னிடம் ஒரு கேள்வி கேட்க மாட்டாரா, என் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பார்க்க மாட்டாரா என்று எத்தனை வருடம் ஏங்கியிருப்பேன்! இன்றைக்குக் கேட்டுவிட்டார். வாலுவும் என் முகத்தையே பார்க்கிறாள். என் கையெழுத்து மட்டும் போய்ச் சேர்ந்த ஊர்களில் ஒன்றை நான் இப்போது சொல்ல வேண்டும்.

"டயர்ல காத்துப் பாருங்க" என்றேன். "போற வழியில சொல்றேன்."

கோட்டை அவர் பெட்டிக்குள் வைக்கவில்லை. மடித்துத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். வண்டியில் நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.